நேட்டாலுக்குக் கப்பலேறிய முன்னோரின் ஊரைக் கண்டறிதல்: இணைய ஆவணங்கள் வழியாக ஒரு முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டியை இரு வகையினரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் பிறந்து, தங்கள் முப்பாட்டனார் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்று அறிய விரும்புபவர்கள் ஒரு வகையினர். "தாத்தாவின் அண்ணன் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை" என்ற ஒரு வரிச் செய்தியோடு தமிழ்நாட்டில் இருப்பவர்கள் மற்றொரு வகையினர். இருவருக்கும் வேண்டிய ஆவணங்கள் ஒன்றேதான்; அவற்றைத் திறக்கும் வரிசைதான் மாறுகிறது. இந்தத் தேடலில் புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் அந்த வரிசையில்தான் என்பதைப் பலரோடு அமர்ந்து தேடியபோது கண்டிருக்கிறேன்.

1860 முதல் 1911 வரை சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் ஒப்பந்தத் தொழிலாளர்களாக நேட்டாலுக்குச் சென்றவர்கள் 1,52,184 பேர். அவர்கள் ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உட்பட, ஓர் எண் தரப்பட்டது. அதைக் காலனி எண் என்பார்கள். இந்தத் தேடலின் முதல் பாதி அந்த எண்ணைக் கண்டுபிடிப்பது. இரண்டாவது பாதி அந்த எண்ணிலிருந்து ஊரைக் கண்டுபிடிப்பது. பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு நேராக ஊருக்குப் போக முயன்றால் வேறொருவருடைய குடும்பத்தில் போய் நிற்போம்.

1. தேடத் தொடங்கும் முன் திரட்ட வேண்டியவை

கணினியைத் திறப்பதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் பேசி முடித்துவிட வேண்டும். ஆவணங்கள் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். எண்பது வயதைக் கடந்த அத்தையின் நினைவு இருக்கும் என்று சொல்ல முடியாது. அவரிடம் "நம் ஊர் எது?" என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், பாட்டனாரை வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள், எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார், அது நேட்டாலின் எந்த ஊர்ப் பக்கம், வெருலமா, ஸ்டாங்கரா, உம்சிண்டோவா, உடன் வந்த தம்பி தங்கைகள் உண்டா, வீட்டில் எந்தத் தெய்வத்துக்குப் படையல் போட்டார்கள் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். படையல் பற்றிய கேள்வி இப்போது தொடர்பில்லாததாகத் தோன்றலாம். கடைசிக் கட்டத்தில் அதுவே பெருந்துணையாக வந்து நிற்கும்.

அடுத்து, வீட்டில் இருக்கும் காகிதங்களைப் பார்க்க வேண்டும். பழைய பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், கல்லறைக் கல்லின் படம், புகைப்படத்தின் பின்பக்கக் குறிப்பு ஆகிய எல்லாவற்றையும் இருபுறமும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நேட்டாலில் இந்தியர்களுக்கு வழங்கப்பட்ட பழைய பிறப்பு, திருமணச் சான்றிதழ்களில் பெற்றோர் அல்லது மணமக்களின் காலனி எண் குறிக்கப்பட்டிருப்பது உண்டு. பெயருக்கு அருகில் காரணம் விளங்காத நான்கு, ஐந்து அல்லது ஆறு இலக்க எண் தென்பட்டால், அதைச் சான்றிதழின் வரிசை எண் என்று எண்ணிக் கடந்துவிடாதீர்கள். பலருடைய தேடல் அந்த ஓர் எண்ணாலேயே பாதியாகக் குறைந்திருக்கிறது.

திரட்டியவற்றைப் பதிவுசெய்ய ஒரு விரிதாள் போதும். ஆள், நிகழ்ச்சி, நாள், இடம், ஆவணத்தில் உள்ளபடி பெயரின் எழுத்து, எந்தத் தளத்தில் எந்தப் பக்கத்தில் கண்டது, எத்தனை நம்பகம் என்று ஏழு பத்திகள் இடுங்கள். கடைசிப் பத்தியை விட்டுவிடாதீர்கள். அத்தை சொன்னதும் பதிவேட்டில் கண்டதும் ஒரே தாளில் வேறுபாடில்லாமல் கலந்துவிட்டால், ஆறு மாதம் கழித்து எதை நம்புவது என்று உங்களுக்கே தெரியாது.

2. அண்மைக் காலத்திலிருந்து பின்னோக்கிச் செல்லுதல்

முதலில் தேட வேண்டியது கப்பலேறியவரின் வருகையை அல்ல. உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த மிக மூத்தவரின் இறப்பை. இறந்தவரின் பதிவு அவருடைய வயதையும், பல வேளைகளில் பெற்றோரையும் தரும். வயதிலிருந்து பிறந்த ஆண்டு கிடைக்கும். பிறந்த ஆண்டிலிருந்து பிறப்புப் பதிவு. அதிலிருந்து பெற்றோரின் பெயரும் எண்ணும். இப்படி ஒவ்வொரு தலைமுறையாகப் படியிறங்க வேண்டும்.

ஒரு படியைத் தாண்டிக் குதிப்பதால் வரும் தவறு பெரியது. பேரனுக்குப் பாட்டனார் பெயரையே வைப்பது நம் வழக்கம் என்பதால், ஒரே குடும்பத்தில் ஆறுமுகத்தின் மகன் முனுசாமி, முனுசாமியின் மகன் ஆறுமுகம், அவர் மகன் மீண்டும் முனுசாமி என்று அடுக்கி வரும். நடுவில் ஒருவரை விட்டுவிட்டால் பேரனின் திருமணத்தைப் பாட்டனாரின் கணக்கில் எழுதிவிடுவோம். நானே ஒரு குடும்பத்துக்காக மூன்று மாதம் உழைத்து, பாட்டனார் என்று நம்பியவர் உண்மையில் அவருடைய பேரன் என்று பிறகு கண்டு, அத்தனையையும் அழித்து எழுதியிருக்கிறேன். அதனால்தான் ஒவ்வொரு தலைமுறைக்கும் குறைந்தது இரண்டு ஆவணங்கள் ஒத்துப்போகாமல் அடுத்த படிக்கு இறங்க வேண்டாம் என்று வலியுறுத்துகிறேன்.

3. ஃபேமிலிசர்ச் தளத்தில் பதிவேடுகளைத் திறத்தல்

நேட்டாலின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் பலவற்றின் படங்கள் ஃபேமிலிசர்ச் தளத்தில் உள்ளன. இதற்குக் கட்டணம் இல்லை. மின்னஞ்சல் கொண்டு ஒரு கணக்குத் தொடங்கினால் போதும். கட்டணத் தளங்களுக்குப் பணம் செலுத்துவதற்கு முன் இங்கே தேடி முடியுங்கள்.

இங்கே இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, பெயரை இட்டுத் தேடுவது. இது யாரோ ஒருவர் அல்லது ஒரு நிரல் ஏற்கெனவே படித்து அட்டவணையிட்ட பக்கங்களை மட்டுமே காட்டும். இரண்டாவது, நூற்பட்டியல் பகுதிக்குச் சென்று இடப்பெயராகத் தென்னாப்பிரிக்கா, நேட்டால், அதன்கீழ் ஊர் எனத் தேர்ந்தெடுத்துப் பதிவேட்டின் படங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவது. முதல் வழியில் பெயர் கிடைக்கவில்லை என்றவுடன் "ஆவணம் இல்லை" என்று முடிவு செய்வது நான் மிகுதியாகக் காணும் பிழை. அட்டவணையில் இல்லாத எத்தனையோ பெயர்கள் படத்தில் தெளிவாக இருக்கின்றன. ஆண்டும் ஊரும் தெரிந்திருந்தால் புரட்டிப் பார்ப்பதற்கு ஒரு மாலைப்பொழுதுக்கு மேல் ஆகாது.

சில படங்கள் வீட்டிலிருந்து திறக்காது. கேமரா வடிவக் குறியின்மேல் சாவி தெரிந்தால் அதற்குக் கட்டுப்பாடு உள்ளது என்று பொருள். அந்தத் தளத்தோடு இணைந்த குடும்ப வரலாற்று மையத்தில் அல்லது நூலகத்தில் உள்ள கணினியில் அது திறக்கக்கூடும். அருகிலுள்ள மையத்தைத் தேடும் வசதி தளத்திலேயே இருக்கிறது. போவதற்கு முன் திறக்காத படங்களின் எண்களை எல்லாம் ஒரே பட்டியலாக எழுதிக்கொண்டால் ஒரே நாளில் வேலை முடியும்.

வேண்டிய பக்கம் கிடைத்ததும் படத்தைத் தரவிறக்கிக் கொள்வதோடு, அந்தப் பதிவேட்டின் படச்சுருள் (மைக்ரோஃபிலிம்) எண்ணையும் அதற்குள் அது எத்தனையாவது படம் என்பதையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவையுங்கள். தளத்தின் முகவரி மாறிப்போனாலும் இந்த இரண்டு எண்களைக் கொண்டு மீண்டும் அதே பக்கத்துக்கு வந்துவிடலாம். படத்தில் உங்களுக்கு வேண்டிய வரிக்கு மேலும் கீழும் உள்ள வரிகளையும் சேர்த்தே சேமியுங்கள். கையெழுத்து புரியாதபோது, அதே எழுத்தர் பக்கத்து வரியில் அதே எழுத்தை எப்படி எழுதியிருக்கிறார் என்று ஒப்பிட அவை உதவும்.

4. ஆவணக்காப்பகத்தின் அட்டவணையும் இறப்பு அறிவிப்பும்

தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக்காப்பகம் தன் கோப்புகளுக்கு ஒரு தேடல் அட்டவணையை இணையத்தில் வைத்திருக்கிறது. நாயர்ஸ் என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். அதில் நேட்டாலுக்கு உரிய தரவுத்தொகுப்பு, பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தைக் குறிக்கும் என்.ஏ.பி. என்ற மூன்று எழுத்துகளில் இருக்கும். பெயரை இட்டுத் தேடினால் காப்பகம், தொகுதி, கோப்பு எண், ஆண்டு, ஒருவரி விளக்கம் ஆகியவை வரும்.

அங்கே வருவது கோப்பின் விலாசம் மட்டுமே, கோப்பு அல்ல. இதை அறியாமல், "என் பாட்டனார் பெயர் வந்தது, ஆனால் ஒன்றும் திறக்கவில்லை" என்று பலர் திரும்பிவிடுகிறார்கள். அந்த விலாசத்தைக் குறித்துக்கொண்டு, அதே தொகுதி ஃபேமிலிசர்ச்சில் படமாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் காப்பகத்துக்கு எழுதி நகல் கேட்க வேண்டும், அல்லது அங்குள்ள ஓர் ஆய்வாளரைக் கொண்டு எடுக்க வேண்டும்.

இந்த அட்டவணையில் எம்.எஸ்.சி.இ. என்ற எழுத்துகளோடு வருபவை உச்ச நீதிமன்ற அலுவலரிடம் இருந்த சொத்துக் கோப்புகள். அவற்றுக்குள் பெரும்பாலும் இறப்பு அறிவிப்பு என்ற ஒரு படிவம் இருக்கும். இது இறப்புப் பதிவிலிருந்து வேறானது. இறப்புப் பதிவு இறந்த நாளையும் காரணத்தையும் முதன்மையாகச் சொல்லும்; இறப்பு அறிவிப்போ பிறந்த இடம், பெற்றோர் பெயர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் அனைவரின் பெயர் என்று ஒரு குடும்பத்தையே ஒரு தாளில் விரித்துவைக்கும். குடும்ப வரலாறு தேடுபவருக்கு இதைவிடச் செழிப்பான ஒற்றைத் தாள் அங்கே இல்லை என்பது என் கருத்து.

ஆனாலும் அதில் உள்ளதைச் சொன்னவர் இறந்தவர் அல்லர். மகனோ, மருமகனோ, அண்டை வீட்டாரோ. பெற்றோரின் பெயர் தெரியாமல் போயிருக்கலாம், பிறந்த இடத்துக்கு "இந்தியா" என்றோ "மதராஸ்" என்றோ மட்டும் எழுதியிருக்கலாம். இங்கே "மதராஸ்" என்பது மாகாணத்தையோ கப்பலேறிய துறைமுகத்தையோ குறிப்பது. நம் சென்னை நகரத்தில் பிறந்தார் என்று அதற்குப் பொருளாகாது. மேலும், சொத்து ஏதும் இல்லாமல் இறந்தவர்களுக்கு இப்படி ஒரு கோப்பே இராமல் போகலாம். அதனால் ஏமாற்றம் அடைய வேண்டாம். மூன்றாம் படிக்குத் திரும்பிச் சென்று அவருடைய பிள்ளைகளின் பிறப்புப் பதிவுகளைத் தேடுங்கள்.

5. பெயர்களை எழுதியிருக்கும் விதம்

தமிழ்ப் பெயரைத் தமிழறியாத எழுத்தர் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதினார். அதைப் பின்னொரு காலத்தில் இன்னொருவர் பார்த்துக் கணினியில் ஏற்றினார். இரண்டு இடத்திலும் எழுத்து உருமாறியிருக்கிறது. எனவே இன்றைய எழுத்தில் பெயரைத் தட்டினால் அவர் கிடைக்கமாட்டார்.

சில மாற்றங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. உகரத்துக்கு இரட்டை ஓ போடுவது வழக்கம். முனுசாமி "மூன்சாமி" ஆகிறார், சுப்பிரமணி "சூப்ரமனி" ஆகிறார். ககரத்துக்குக் கே எழுத்தின் இடத்தில் சி எழுத்து வரும். குப்புசாமியைக் கே-யில் தேடிக்கொண்டிருந்தால் சி-யில் "கூப்பூசாமி"யாக அவர் இருப்பார். கிருஷ்ணன் "கிஸ்ட்னன்" ஆவது அந்தக்காலத்துச் சென்னை மாகாண அலுவலக வழக்கமே. ஆறுமுகத்தில் நடு உயிர் விழுந்து "ஆர்மூகம்" ஆகும். ழகரம் சில இடங்களில் எல்லாகவும் சில இடங்களில் இசட்டாகவும் நிற்கும். பெண்களின் பெயரில் "அம்மாள்" என்ற ஈறு தேய்ந்து "அம்மா" ஆகும், அல்லது முழுவதுமாகக் காணாமல் போகும்.

இதற்கு இரண்டு கருவிகள் உண்டு. ஃபேமிலிசர்ச்சில் நட்சத்திரக் குறி எத்தனை எழுத்துகளுக்கும், கேள்விக்குறி ஒரே ஓர் எழுத்துக்கும் இடம்பிடிக்கும். முனுசாமிக்கு எம் எழுத்து, நட்சத்திரம், பிறகு "சாமி"க்குரிய எழுத்துகள் என்று தட்டினால் எல்லா வடிவங்களும் ஒன்றாக வரும். இரண்டாவது கருவி உங்கள் வாய். ஆங்கில எழுத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டிராமல் வாய்விட்டு உரக்கப் படியுங்கள். கண்ணுக்குப் பிடிபடாத பெயர் பல வேளைகளில் காதுக்குப் பிடிபடும்.

குடும்பப் பெயர் என்ற ஒன்றைக் கப்பல் பட்டியலில் தேட வேண்டாம். அங்கே உள்ளவை இயற்பெயரும் தந்தை பெயரும்தான். இன்று நேட்டாலில் குடும்பப் பெயராக நிற்கும் பிள்ளை, நாயுடு, செட்டி, படையாச்சி, முதலியாரிலிருந்து வந்த மூட்லி, கவுண்டரிலிருந்து வந்த கவண்டர் ஆகியவை பல குடும்பங்களில் பிற்பாடு நிலைபெற்றவை. வேறு சில குடும்பங்களில் பாட்டனாரின் இயற்பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. அப்படியானால் உங்கள் கடைசிப் பெயரையே கப்பலேறியவரின் முதற்பெயராகத் தேடிப் பாருங்கள். உடன்பிறந்த இருவருக்கு வேறுவேறு குடும்பப் பெயர் இருப்பதும் இயல்பே.

6. கப்பல் பட்டியலில் உங்கள் வரியைக் கண்டறிதல்

கப்பல் பட்டியலின் மூலத் தொகுதிகள் டர்பன் ஆவணக்காப்பகத்தில் உள்ளன. அவற்றைக் கணினியில் ஏற்றிய பட்டியல், குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தின் வழியாகக் கிடைக்கிறது. காலனி எண் கையில் இருந்தால் அந்த எண்ணைத் தேடுவதோடு இந்தப் படி முடிந்துவிடும். எண் இல்லாமல் வருபவர்களுக்குத்தான் இந்தப் பகுதி நீள்கிறது.

பட்டியலின் ஒரு வரி எப்படி இருக்கும் என்று பார்ப்போம். இடப்பக்கத்தில் காலனி எண். அடுத்து பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி. பிறகு ஜில்லா, தாலுகா, கிராமம். பிறகு உயரம், உடல் அடையாளம். அதோடு கப்பலின் பெயரும் வந்த நாளும். பல வரிகளில் எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்பதும், பின்னால் என்னவாயிற்று என்ற குறிப்பும். உடல் அடையாளம் என்ற கட்டத்தில் "இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு" என்பதைப் போன்ற ஒரு சொற்றொடர் இருக்கும். எந்தப் புகைப்படமும் இல்லாத ஒரு மனிதரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிக நெருக்கமான செய்தி அதுதான். அதை அவசரமாகக் கடக்காமல், வீட்டில் அப்படி யாராவது சொன்னதுண்டா என்று விசாரித்துப் பாருங்கள்.

எண் இல்லாதபோது பெயரும் தந்தை பெயரும் சேர்ந்து பொருந்தும் எல்லா வரிகளையும் முதலில் தனித்தாளில் எடுத்துவைக்க வேண்டும். உதாரணமாக ஆறுமுகத்தின் மகன் முனுசாமி என்று தேடினால் ஒருவர் அல்ல, பலர் வருவார்கள். முதலில் வந்தவரைத் தம் பாட்டனாராக ஏற்றுக்கொண்டு கண்கலங்கிப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிறகு அவரை விட்டுவிடச் சொல்வது மிகவும் கடினமாக இருக்கிறது. ஆகவே யாரையும் ஏற்பதற்கு முன், பொருந்தாதவர்களை ஒவ்வொருவராக நீக்குங்கள்.

நீக்குவதற்கு முதல் கருவி காலம். முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து சென்று டர்பனை அடைந்தது 1860 நவம்பர் 16 அன்று. 1866-இல் குடியேற்றம் நின்றது, 1874-இல்தான் மீண்டும் தொடங்கியது, 1911-இல் முடிந்தது. எனவே "தாத்தா 1870-இல் வந்தார்" என்று வீட்டில் சொன்னால், அந்த ஆண்டு தவறாக இருக்கும், அல்லது அவர் ஒப்பந்தத்தில் வராதவராக இருப்பார். எண்கள் 1-இல் தொடங்கித் தொடர்ச்சியாக ஏறிச் செல்வதால், எண்ணைக் கொண்டே வந்த காலத்தை மதிப்பிடலாம். முதல் கட்டத்தில் வந்தவர்கள் சுமார் 6,400 பேர் என்பதால், அதற்கு மேற்பட்ட எண்கள் 1874-இலோ அதற்குப் பிறகோ வந்தவர்களுடையவை.

இரண்டாவது கருவி முதலாளியின் பெயர். முதல் ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளுக்கு என்பதால், முதல் பிள்ளைகள் பிறந்த தோட்டமும் பட்டியலில் உள்ள முதலாளியின் தோட்டமும் ஒரே பகுதியில் இருக்க வாய்ப்பு மிகுதி. பட்டியலில் நிலக்கரிச் சுரங்கம் இருந்து, பிள்ளைகள் எல்லாரும் கடற்கரைக் கரும்புத் தோட்டத்தில் பிறந்திருந்தால் நின்று யோசியுங்கள். மூன்றாவது கருவி வயது. ஆனால் இது மிகவும் தளர்வானது. 20, 25, 30 என்று எழுத்தர் பார்த்து மதிப்பிட்ட வயதுகளே அதிகம் என்பதால் ஐந்தாண்டு ஏற்ற இறக்கத்தை அனுமதிக்க வேண்டும்.

வரி கிடைத்த பிறகும் அங்கேயே நிறுத்திவிடாமல், அதற்கு முன்னும் பின்னும் இருபது எண்களைப் படியுங்கள். குடும்பமாக வந்தவர்களுக்கு அடுத்தடுத்த எண்கள் தரப்பட்டன. மனைவியும் பிள்ளைகளும் அங்கே இருப்பார்கள். அதே கிராமத்திலிருந்து சேர்ந்து கிளம்பிய உறவினர்களும் இருக்கக்கூடும். கிராமத்தின் பெயர் உங்கள் வரியில் சிதைந்தும் பக்கத்து வரியில் தெளிவாகவும் இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கணவன், மனைவி என்று குறிக்கப்பட்டவர்களின் ஊர்கள் வேறாக இருந்தால் அதைப் பிழை என்று திருத்திவிடாதீர்கள். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விகிதத்தில் கப்பலை நிரப்ப வேண்டும் என்பது விதி. கப்பலுக்காகக் காத்திருந்த குடிபெயர்வோர் கிடங்கில் சந்தித்து, அங்கேயே இணைந்து கப்பலேறியவர்களும் உண்டு. அவர்களுடைய துணிவையும் தனிமையையும் எண்ணி, அந்தப் பெண்ணின் ஊரைத் தனித் தேடலாக எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டியின் ஊரும் நம் ஊர்தான்.

சாதிக் கட்டத்தை அடையாளச் சான்றாகக் கொள்ள வேண்டாம். எழுத்தர் விளங்கிக்கொண்டபடியும், வந்தவர் சொல்ல விரும்பியபடியும் எழுதப்பட்டது அது. தொழில், சமயம், ஊர்ப்பெயர் ஆகியவைகூட அந்தக் கட்டத்தில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. இன்றைய குடும்பப் பெயரோடு அது முரண்பட்டால், அதை மட்டும் காரணமாக்கி வரியை ஒதுக்குவதும் தவறு. அது ஒத்துப்போவதை மட்டும் காரணமாக்கி வரியை ஏற்பதும் தவறு.

7. பட்டியலில் கிடைக்கவில்லை என்றால்

மூன்று வாய்ப்புகளைச் சோதியுங்கள். ஒன்று, அவர் ஒப்பந்தத்தில் வராமல் தம் செலவில் பயணியாக வந்தவர். அவருக்குக் காலனி எண் இராது. இரண்டு, அவர் அங்கே பிறந்தவர். கப்பலேறியது அவருடைய தந்தையோ பாட்டனோ. மூன்று, அவர் மொரீஷியஸ் வழியாக வந்தவர். மொரீஷியஸ் குடியேற்றப் பதிவேடுகள் மோகா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதியில் புகைப்படங்களும் உண்டு. இந்த மூன்றில் இரண்டாவதே அதிகம் நிகழ்கிறது, ஏனென்றால் இரண்டாம் படியில் ஒரு தலைமுறையைத் தாண்டியிருப்பார்கள்.

8. பழைய ஜில்லாவிலிருந்து இன்றைய ஊருக்கு

வரியில் உள்ள ஜில்லாவை இன்றைய மாவட்டம் என்று கொள்வதே தமிழ்நாட்டுப் பக்கத்தில் நிகழும் முதல் பிழை. "வட ஆற்காடு" என்பது அன்று சித்தூர், சந்திரகிரி, பலமநேர், காளஹஸ்தி வரை நீண்டிருந்தது. அவை இன்று ஆந்திரத்தில் உள்ளன. தமிழ்நாட்டில் மிஞ்சிய பகுதியோ பெரும்பாலும் வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை மாவட்டங்களில் சிதறிக் கிடக்கிறது. திருப்பத்தூர் அன்று சேலம் ஜில்லாவில் இருந்தது. திருவண்ணாமலைத் தாலுகா தென் ஆற்காட்டில் இருந்தது. கரூர் கோயம்புத்தூரில் இருந்தது. தஞ்சாவூர் என்று எழுதியிருந்தால் இன்று நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை ஆகியவற்றிலும் தேட வேண்டும். செங்கல்பட்டு என்றால் காஞ்சிபுரமும் திருவள்ளூரும் அதில் அடங்கும்.

ஆகவே ஜில்லாவைக் காட்டிலும் தாலுகாவை நம்புங்கள். போளூர், வந்தவாசி, குடியாத்தம், வாலாஜா போன்ற தாலுகாப் பெயர்கள் மாவட்டங்கள் பலமுறை உடைந்தபோதும் பெரும்பாலும் நிலைத்திருக்கின்றன. தாலுகாவை உறுதி செய்த பிறகு, அந்தத் தாலுகாவின் வருவாய்க் கிராமப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயரையும் வரியில் உள்ள எழுத்தோடு ஒலித்துப் பாருங்கள். ஊர்ப்பெயரின் கடைசிப் பகுதி நல்ல வழிகாட்டி: பாக்கம், குப்பம், பாளையம், பேட்டை, புதூர் ஆகியவை எவ்வளவு சிதைந்தாலும் தங்கள் முதல் மெய்யெழுத்தை விடுவதில்லை. ஈற்றைப் பிரித்தெடுத்த பிறகு முன்பகுதி எளிதில் பிடிபடும்.

அப்படியும் கிடைக்காவிட்டால், அது வருவாய்க் கிராமமாக இல்லாமல் அதன் ஒரு குக்கிராமமாகவோ, காலனியாகவோ இருக்கலாம். அத்தகைய பெயர்கள் பட்டியல்களில் இரா. அந்தத் தாலுகாவைச் சேர்ந்த ஒருவருக்குத் தெரியும். ஆங்கில எழுத்தை அனுப்பி "இது எந்த ஊர்?" என்று கேட்காமல், தொலைபேசியில் நாலைந்து விதமாக உச்சரித்துக் காட்டுங்கள். மேலும், ஒரே பெயரில் ஒரு தாலுகாவிலேயே இரண்டு மூன்று ஊர்கள் இருப்பது சாதாரணம். எல்லாவற்றையும் குறித்துவைத்துக்கொண்டு, பக்கத்து எண்களில் வந்தவர்களின் ஊர்கள் அவற்றுள் எதற்கு அருகில் இருக்கின்றன என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

அந்தக்கால மாவட்டக் கையேடுகளும் கெசட்டியர்களும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாக உள்ளன. ஒரு தாலுகா எந்த ஆண்டில் எந்த ஜில்லாவில் இருந்தது என்பதையும், அன்றைய ஆங்கில எழுத்தையும் அறிய அவையே சிறந்தவை.

9. தமிழ்நாட்டு ஆவணங்களில் எவ்வளவு எதிர்பார்க்கலாம்

இங்கே எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கிராமங்களின் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுகளை நேட்டால் பதிவேடுகளைப் போல வீட்டிலிருந்தே புரட்டிப் பார்க்க வழியில்லை. அரசின் இணையத் தளத்தில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு ஆகியவற்றைக் காணலாம். பதிவுத்துறையின் தளத்தில் வில்லங்கச் சான்றைத் தேடலாம். ஆனால் இவை இன்றைய உடைமையையும் அண்மைப் பத்தாண்டுகளையும் காட்டுபவை. கப்பலேறியவர்களில் பலர் நிலமற்றவர்கள் என்பதையும் மறக்கக்கூடாது. இந்தத் தளங்களின் உண்மையான பயன், ஊரின் பெயரை வருவாய்த்துறை எப்படி எழுதுகிறது என்று உறுதிசெய்துகொள்வதும், பக்கத்து ஊர்களின் பெயர்களை அறிவதும்தான்.

குடிபெயர்வு தொடர்பான சென்னை மாகாண அரசின் நடவடிக்கைக் கோப்புகள் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். கப்பலின் பெயரும் கிளம்பிய ஆண்டும் இல்லாமல் அங்கே போனால் எந்தக் கோப்பைக் கேட்பது என்றே தெரியாது என்பதால், ஆறாம் படி முடிந்த பிறகே போங்கள். கிறித்தவக் குடும்பமாக இருந்தால், ஊரின் பங்குக் கோயிலில் உள்ள ஞானஸ்நானப் பதிவேட்டையும் விசாரிக்கலாம்.

10. ஊரிலிருந்து கொண்டு தேடுபவர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து போனவரைத் தேடுபவர்கள் ஆறாம் படியிலேயே தொடங்கலாம். கணினிப் பட்டியலைத் தாலுகா, கிராமம் என்ற பத்திகளின்படி வரிசைப்படுத்தி, உங்கள் ஊரின் பெயர் எப்படியெல்லாம் எழுதப்பட்டிருக்கக்கூடும் என்று தேடுங்கள். ஊரிலிருந்து போன அனைவரும் ஒன்றாகக் கண்முன் வருவார்கள். பிறகு தந்தை பெயரைக் கொண்டு உங்கள் குடும்பத்தவரைப் பிரித்தெடுங்கள். கடைசிக் குறிப்புக் கட்டத்தையும் படியுங்கள். அங்கே இறந்துபோனாரா, இந்தியாவுக்குத் திரும்பினாரா என்பது அதில் இருக்கலாம். திரும்பியவர் சொந்த ஊருக்கு வராமல் சென்னையிலேயே தங்கிவிட்டதும் உண்டு. அதனால் "திரும்பி வரவில்லை" என்ற வீட்டுச் செய்தியும் "திரும்பினார்" என்ற பட்டியல் குறிப்பும் ஒருங்கே உண்மையாக இருக்க முடியும். காலனி எண் கிடைத்ததும், அதை வைத்து நேட்டால் பதிவுகளில் முன்னோக்கி வாருங்கள்.

11. ஊருக்கு நேரில் போகும்போது

கப்பல் பட்டியலின் வரியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, அதன்கீழ் தமிழில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஊருக்குள் நுழைந்ததும் "எங்கள் தாத்தாவின் வீடு எது, நிலம் எது?" என்று கேட்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்தவர் நிலத்தைப் பற்றிக் கேட்டால், பங்கு கேட்க வந்திருக்கிறார் என்று எண்ணி அதன்பிறகு யாரும் வாய் திறக்கமாட்டார்கள். சொத்துக்காக வரவில்லை, பெயரைத் தெரிந்துகொண்டு போகத்தான் வந்தோம் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரை முன்னிட்டுக்கொண்டு பேசுங்கள்.

கேட்க வேண்டியது குலதெய்வத்தைப் பற்றி. முதல் படியில் அத்தையிடம் கேட்டுக் குறித்துவைத்த அந்தத் தெய்வத்தின் பெயரை இப்போது எடுங்கள். நேட்டாலில் மூன்று தலைமுறையாக மொழி தேய்ந்த வீடுகளில்கூட, ஆண்டுக்கு ஒருமுறை படையல் போடும் தெய்வத்தின் பெயர் தேயாமல் நிற்கிறது. அந்தத் தெய்வத்துக்கு ஊரில் கோயில் இருக்கிறதா, எந்தப் பங்காளிகள் அங்கே பொங்கல் வைக்கிறார்கள், அவர்களில் ஆறுமுகம், முனுசாமி என்ற பெயர்கள் மாறி மாறி வருகின்றனவா என்று விசாரியுங்கள். எண், தாலுகா, கிராமம், தெய்வம், அடுக்கி வரும் பெயர் ஆகிய ஐந்தும் ஒன்றாகப் பொருந்தினால், அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர்கள் சொல்லும் பெயர்களை விரிதாளில் எழுதத் தொடங்கலாம். கடைசிப் பத்தியில் யார் சொன்னார், எந்த நாளில் சொன்னார் என்பதை அங்கேயே குறித்துவிடுங்கள்.